ஓடாத வண்டிக்கு இடமில்லை

முதலில் என்னைக் கொதிக்க வைத்தது செல்லோடேப்.

‘பயன்பாட்டில் இல்லாத வாகனங்கள் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இரும்புக் கடைக்கு அனுப்பப்படும். இப்படிக்கு, குடியிருப்போர் சங்கம்’ என்று ஒரு தாளை என் வண்டியின் சீட்டில் நாலு மூலைக்கும் டேப் இழுத்து ஒட்டியிருந்தார்கள். பிய்த்தபோது தாளோடு சீட்டின் கறுப்புத் தோலும் உரிந்து வந்தது. அந்தத் தோலுக்கு மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவுகிறவன் நான். என் தலைக்குக்கூட அவ்வளவு கவனிப்பு கிடையாது. தலையைப் பார்த்தாலே தெரியும்.

வண்டி என்றதும் ஆட்டோ என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, மூன்றும் பூசணிக்காய் மாதிரி உப்பிய டயர்கள். மோட்டார் சைக்கிளில் உட்காருவதைப் போல் காலை அகட்டி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டும். கிக்கரும் கிடையாது, பட்டனும் கிடையாது. ஜெனரேட்டர் மாதிரி கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். மணல், சேறு, மேடு, பள்ளம், எதுவானாலும் ஏறிப் போகட்டும் என்று ஏதோ ஒரு தேசத்தில் செய்தது. கப்பலில் நம் துறைமுகத்துக்கு வந்து, எடுக்க ஆள் வராமல் கிடந்து, ஏலத்துக்கு வந்தது. என் தோஸ்தும் நானும் வாஷிங் மெஷின் என்று நம்பி எடுத்த சரக்கின் அடியில் இது இருந்தது. வாஷிங் மெஷின் ஒன்றுகூட ஓடவில்லை. இது மூன்றாவது இழுப்பில் உறுமியது.

தோஸ்துக்குத் தண்டையார்பேட்டையில் ஷெட். மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளுக்குப் பழைய பைக் இன்ஜின் பொருத்துவது தொழில். அவனைப் பொறுத்தவரை உலகத்தில் எந்த இன்ஜினும் செத்ததில்லை. “தூங்கிகினு கீது மாமு, எயுப்புனா எய்ந்துக்கும்” என்பான். அன்றைக்கு எங்களுக்கு இருபத்திரண்டு வயது. ஓட்டத் தெரியாது, சொல்லித்தரவும் ஊரில் ஆள் இல்லை. நேராக எர்ணாவூர் மணலுக்குக் கொண்டுபோய்விட்டோம்.

பன்னிரண்டு வருஷம் ஓட்டினோம். வாரநாட்களில் படகிலிருந்து ரோடு வரைக்கும் மீன் பெட்டியும் ஐஸ் பெட்டியும் இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மட்டும். அலை வந்து திரும்பிய ஈர மணலில் முழு வேகத்தில் போய், ஹேண்டிலை ஒடித்து, உடம்பை உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கம் கால் வைக்கிற கட்டையை அழுத்தி மிதித்தால், பின்பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு அரை வட்டம் போடும். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எங்களை வைது தீர்ப்பார்கள், பிறகு “என்னை ஒரு ரவுண்டு ஏத்திக்கோ நைனா” என்பார்கள். என் வாழ்க்கையில் நான் அழகாகச் செய்த காரியம் என்று ஏதாவது இருந்தால் அந்த அரை வட்டம்தான்.

இப்போது போய் ஓட்டேன் என்கிறீர்களா? எங்கே ஓட்ட? கடல் அரிக்கிறது என்று லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கரையில் கொட்டினார்கள். எங்கள் மணல் அதற்கு அடியில் போய்விட்டது. சரி, வடக்கே முகத்துவாரம் பக்கம் போகலாம் என்றால் அங்கே அனல்மின் நிலையத்துச் சாம்பல். காலை வைத்தால் சிமெண்ட் மூட்டைக்குள் விட்டது போல் வெள்ளையாக வெளியே வரும். எந்தத் தரையிலும் ஓடும் வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு தரையையும் விட்டுவைக்கவில்லை. இதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத் துப்பில்லாமல்தான் செல்லோடேப் ஒட்டியவன் மேல் பாய்கிறேன். எனக்குத் தெரியாமல் இல்லை.

மணல் போனாலும் வண்டியை விடவில்லை. உப்புக் காற்று தின்ற இடத்தையெல்லாம் தேய்த்துப் பழைய இன்ஜின் ஆயில் பூசினோம். உடைந்த மட்கார்டுக்கு ஃபைபர் படகை ஒட்டுகிறவர்களிடம் கெஞ்சி, படகுக்குப் போடுகிற அதே பசையில் ஒட்டினோம். கார்புரேட்டரின் கண் அடைத்தால் குத்தி எடுக்க நைலான் நரம்பு வலையின் ஒற்றை இழை. காற்று விஷயத்தில் மட்டும் ஒரு தடவை ஏமாந்தோம். பஞ்சர் கடைக்காரர் லாரி டயர் என்று நினைத்து அடித்துவிட்டார். வண்டி பந்தாகி, சும்மா தள்ளினாலே துள்ளியது. இதற்குச் சைக்கிள் பம்பில் நாலு அடி போதும். கட்டை விரலால் அமுக்கினால் இட்லி மாதிரி உள்ளே போக வேண்டும்.

காலடிப்பேட்டையில் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்தபோது, கீழே தூணுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு சந்தில் அதை நிறுத்தினேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இப்போது அந்தச் சந்தில் செயலாளர் அண்ணாச்சிக்கு இரண்டாவது ஸ்கூட்டர் நிறுத்த வேண்டும். அதைத் தாளில் எழுதவில்லை.

மளிகை மொத்த வியாபாரம் செய்கிற மனிதர், தெற்கத்திக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பும்.

“அண்ணாச்சி, இது பழைய காலத்து வண்டி. ஊர்லயே ஒண்ணு தான் கீது.”

“இருக்கட்டும்வே. ஓடுதா?”

“இன்னா இப்புடிக் கேட்டுட்டீங்க? சூப்பரா ஓடும்.”

“அப்பம் ஞாயித்துக்கெழம ஓட்டிக் காட்டுங்க. கேட் வரைக்கும் போயி திரும்பி வாங்க. ஓடுற வண்டின்னா நான் ஏன் கேக்கப் போறேன்? ஓடாத வண்டிக்கு இடமில்ல. அம்புட்டுதான் ரூல்.”

“ஓட்றேன்! முன்னாடி சக்கரத்தத் தூக்கினு ஓட்றேன்!” என்று கத்திவிட்டு மாடிக்கு வந்து, மின்விசிறியை ஐந்தில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தேன். கத்தியிருக்கக் கூடாது.

ஏனென்றால், பதினெட்டு வருஷமாக நான் அந்த வண்டியை ஓட்டவில்லை. துடைக்கிறேன், தடவுகிறேன், கயிற்றை இழுத்து இன்ஜின் சத்தம் கேட்கிறேன். ஏறி உட்காருவதுகூட வண்டி நியூட்ரலில் இருக்கும்போதுதான், அதுவும் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு.

இந்த வண்டியில் ஒரு தப்பை மட்டும் செய்யக் கூடாது. காலைக் கீழே வைக்கக் கூடாது. பைக் ஓட்டுகிறவனுக்கு வண்டி கொஞ்சம் ஆடினாலே கால் தானாகத் தரைக்குப் போகும். இதில் காலை வைத்தால், பின்னால் வரும் அகலமான டயர் குதிகாலைப் பிடித்து இழுத்து, அப்படியே கெண்டைக்கால் மேல் ஏறும். அதாவது நீங்களே ஓட்டி, நீங்களே உங்கள் மேல் ஏற்றிக்கொள்ளலாம். வேறு எந்த வண்டியிலும் இந்த வசதி கிடையாது. பதினெட்டு வருஷத்துக்கு முன் எர்ணாவூரில், கடைசியாக மிஞ்சியிருந்த மணலில், நான் அதைத்தான் செய்தேன். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் விட்டது.

கல்யாணமாகி இரண்டு வருஷம். பெண்டாட்டியிடம் போய் ‘என் மேல் நானே வண்டியை ஏற்றிக்கொண்டேன்’ என்று எந்த வாயால் சொல்வது? மணலி டேங்கர் லாரி இடித்துவிட்டுப் போய்விட்டது என்றேன். தோஸ்து பக்கத்தில் நின்று, “நம்பர் நோட் பண்றதுக்குள்ள பூட்டான் தங்கச்சி” என்று சாட்சி சொன்னான். அன்றிலிருந்து இன்றுவரை, அவள் பார்வையில் பட்ட டேங்கர் எதுவும் திட்டு வாங்காமல் போனதில்லை. பஸ் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, “குடும்பத்தக் கெடுக்கறதுக்குன்னே வரீங்களேடா” என்பாள். பாவம், அந்த டிரைவர்கள். நான் பக்கத்து சீட்டில் கணுக்காலைத் தடவிக்கொண்டு பாதிக்கப்பட்டவனாக உட்கார்ந்திருப்பேன்.

சனிக்கிழமை தோஸ்து வந்து கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டினான். நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

“மச்சான், நாளைக்கு நீ ஓட்டேன்.”

“நான் இன்னாத்துக்கு? நீ தான சவுண்டு வுட்டுகினு வந்த. முன்னாடி சக்கரத்தத் தூக்கறன்னியாமே?”

“எனக்கு பேஜாராக் கீதுடா.”

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “இத்தப் பார் மாமு. இது மணல் வண்டி. பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரே ராடுல ஒண்ணாச் சுத்தும். மணல்ல வயுக்கும், திரும்பிரும். சிமெண்ட்டுல வயுக்காது, நேராப் போவத்தான் பார்க்கும். கேட்டாண்ட திரும்பசொல்ல ஒடம்ப நல்லா உள்ள சாய்ச்சிக்கோ. இன்னா ஆனாலும் காலக் கீய வெக்காத.”

“எனக்குத் தெரியாதா?”

“உனுக்குத் தெரியும். உன் காலுக்குத் தெரியணுமே.”

ஞாயிறு பத்து மணிக்கு மொத்த அடுக்குமாடியும் கீழே நின்றது. சங்கத்துக்கு வருஷக் கூட்டம் போட்டால் ஏழு பேர் வருவார்கள். இரும்புக் கடைக்காரரின் மீன்பாடி வண்டி கேட்டுக்கு வெளியே தயாராக நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு ஏறிய கோபத்தில் பயம் கொஞ்சம் மறந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினே என் தோஸ்து பொருத்தியது. அவன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “நம்ப புள்ள தான்” என்றான்.

ஹெல்மெட் போட்டேன். பிறகு, கிரிக்கெட் ஆடுகிறவர்கள் காலில் கட்டும் பேடு ஒரு ஜோடியை மாடி வீட்டுப் பையனிடம் வாங்கி இரண்டு காலிலும் கட்டினேன். பெண்டாட்டி வாய்விட்டுச் சிரித்தாள். “யோவ், கேட்டு வரிக்கும் போறதுக்கா இவ்ளோ மேக்கப்பு?”

கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பு, ஒன்றுமில்லை. அண்ணாச்சி வாட்ச்சைப் பார்த்தார். இரண்டாவது, இருமியது. மூன்றாவதில் அந்தப் பழைய உறுமல் தூண்களில் மோதித் திரும்பி வந்தது. கியரைத் தட்டினேன். வண்டி நகர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பத்து விநாடி நான் இருபத்திரண்டு வயதுக்காரன்.

கேட்டை நெருங்கியபோது ஹேண்டிலைத் திருப்பினேன். தோஸ்து சொன்னபடியே வண்டி திரும்பாமல் நேரே போனது. அண்ணாச்சியின் முதல் ஸ்கூட்டர் நேராக எதிரில். உடம்பை உள்ளே சாய்க்க வேண்டும் என்று மூளை சொன்னது. உடம்பு வெளியே சாய்ந்தது. “ஐயோ” என்று ஒரு குரல் கேட்டது. யாரோ பெண்பிள்ளை என்று நினைத்தேன், நான்தான். வண்டி ஒரு பக்கம் தூக்கியது. அவ்வளவுதான், என் இடது கால், பதினெட்டு வருஷமாக எதையும் கற்றுக்கொள்ளாத அந்தக் கால், கட்டையை விட்டு இறங்கித் தரையில் போய் நின்றது.

டயர் குதிகாலைக் கவ்வியது. மெத்தென்று, எந்தப் பதற்றமும் இல்லாமல், பேடு மேலேயே ஏறி இறங்கியது. நான் கீழே. ஆளில்லாத வண்டி தானாக நின்று, நிதானமாக உறுமிக்கொண்டிருந்தது.

தோஸ்து ஓடிவந்தான். அவனுக்கு வந்த ஆத்திரத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

“காலக் கீய வெக்காதன்னு தலதலயா அடிச்சிகினனே! எர்ணாவூர்லயும் இதே கால் தான் மாமு, இதே கணுக்கால் தான! ஒருக்கா ஒடச்சிகினா பத்தாதா உனுக்கு?”

  பெண்டாட்டி மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எர்ணாவூரா?” என்றாள். “அப்ப டேங்கரு?”

தோஸ்து தலைக் குல்லாவைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். நான் முனகலைக் கொஞ்சம் கூட்டினேன். பலிக்கவில்லை.

“பதினெட்டு வருசம்! போறவன் வர்றவனையெல்லாம் திட்டினு கெடந்தனே! பக்கத்துலயே குந்திகினு கேட்டுகினு இருந்தியே!”

இந்த நேரம் பார்த்து அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “ஓடுதுங்கத பாத்தாச்சு. ஆனா நம்பர் பிளேட்டு இல்லியே. நம்பர் இல்லாத வண்டிக்கும்…”

படுத்த வாக்கில் எனக்கு வந்த கோபம் அதுவரை வாழ்க்கையில் வந்ததில்லை. கல், சாம்பல், செல்லோடேப் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. அது மணலுக்குச் செய்த வண்டி, அதற்கு நம்பர் எங்கே கொடுப்பார்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்ததெல்லாம் “ஆ” மட்டும்தான். அதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

“இந்தா அண்ணாச்சி. இந்தாளு பொய் சொன்னது என் பஞ்சாயத்து, அத்த நான் வூட்ல வெச்சிக்கறேன். நீ சொன்ன ரூலு இன்னா? ஓடணும். ஓடிச்சா இல்லியா? எம் புருசன் மேலயே ஓடிச்சி, இன்னும் இன்னா ஓடணும்? உன் ரெண்டாவது ஸ்கூட்டர வெக்க வேற எடம் பாரு.”

நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி கையிலிருந்த சங்கத்துத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரும்புக் கடைக்காரர் வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

கிரிக்கெட் பேடின் புண்ணியத்தில் எலும்பு உடையவில்லை, பிசகியது. ஆறு வாரம் கட்டு. இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. ஜன்னல் வழியாக டேங்கர் லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் திரும்பி என்னைப் பார்ப்பாள். திட்டு எதுவும் கிடையாது. பார்வைதான். அதற்கு டயரே தேவலாம்.

மூன்றாவது ஞாயிறு, ஓடாமல் விட்டால் இன்ஜின் கெட்டுவிடும் என்று தோஸ்து வந்தான். கட்டுப் போட்ட காலோடு நான் பிளாஸ்டிக் நாற்காலியில் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் இறங்கி வந்தாள். புடவையை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, “எப்டிண்ணே இத்த?” என்று அவனைக் கேட்டாள். அவன் சொன்னான். கயிற்றை ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்தாள்.

“மெதுவா! சிமெண்ட்டுல திரும்பாது! ஏய், உள்ள சாய்!” என்று நான் நாற்காலியில் இருந்தபடி கத்திக்கொண்டிருந்தேன். அவள் காதில் வாங்கவில்லை. கேட் வரைக்கும் போனாள். உடம்பைச் சரியாக உள்ளே சாய்த்தாள். வண்டி முரண்டு பிடித்தது, கொஞ்சம் தூக்கியது, பிறகு வளைந்து திரும்பியது. அண்ணாச்சியின் ஸ்கூட்டருக்கு ஒரு ஜாண் தள்ளி வந்து, என் முன்னால் நின்றாள்.

வயிறெரிந்தது எனக்கு. அவளுடைய இரண்டு காலும் கட்டையிலேயே இருந்தன.