முழங்கை அக்கா

அக்கா கதவை முழங்கையால்தான் திறப்பார். லேசாகச் சாய்ந்து, கைப்பிடியை அதனாலேயே அமுக்கி, தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். நம் விரல்களில் ஆர்.என்.ஏ.வை அரித்துத் தின்னும் நொதிகள் உண்டு. எல்லோரும் தொடும் கைப்பிடியிலும் அவை ஒட்டியிருக்கும். ஒருமுறை பட்டால் போதும், ஒரு வாரத்து வேலை கரைந்துபோகும். வீட்டிலும் இதே பழக்கம். "பீரோவைக்கூட இடிச்சுத்தான் திறக்கிறா," என்பார் அவர் கணவர்.

எங்கள் ஆய்வகத்தில் அக்காவுக்கு பாக்டீரியாவோடு வேலை. பாக்டீரியா தன் உத்தரவுகளை ஆர்.என்.ஏ.வாக எழுதிக்கொள்ளும். காரியம் முடிந்ததும் ஒரு நொதி வந்து அவற்றைத் துண்டு துண்டாக்கும். அந்த நொதியே இல்லாத பாக்டீரியா ஒன்றை அக்கா ஒரு வருஷம் மாரடித்து உருவாக்கியிருந்தார்.

"குப்பை அள்ற ஆளையே நிறுத்திட்டீங்க. இனி தெரு நாறத்தான் போகுது," என்று சீண்டுவார் எதிர் மேசைக்காரர்.

"நாறட்டும் தம்பி. எப்படி நாறுதுன்னு பாக்கத்தானே சம்பளம் தர்றாங்க."

அந்த வாரம் பாக்டீரியாவைக் கதகதப்பாக வைக்கும் பெட்டி பழுதாகிவிட்டது. பாக்டீரியா தடவிய தட்டுகளை ஏ.சி. அறை மேசையிலேயே அடுக்கினோம். சாதாரண பாக்டீரியா மெதுவாகவேனும் முளைத்தது. அக்காவுடையது வெறும் தட்டு. ஃப்ரீசரில் உறையவைத்திருந்த மிச்சத்தை எடுத்துத் தடவியும் அதே கதை.

"செத்ததைக் கட்டிக்கிட்டு அழாதம்மா," என்றார் ஆய்வகத் தலைவர். "நாளைக்குள்ள முளைக்கலைன்னா வேற வேலையைப் பாரு."

அக்கா தட்டை எறியவும் மனம் வராமல் மேசையிலேயே விட்டுப் போனார்.

காலையில் தட்டு அங்கே இல்லை. பெரிய ஃப்ரீசரின் தலையில் உட்கார்ந்திருந்தது. அதற்கு உள்ளே எவ்வளவு குளிரோ, மேலே அவ்வளவு சூடு. தட்டு முழுக்க அம்மை போட்டதுபோலப் புள்ளிகள்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது சாகலைடா. இதுக்குக் குளிருது."

அடுத்த இரண்டு நாளும் பாதியைக் குளிரிலும் பாதியைச் சூட்டிலும் வைத்துப் பார்த்தார். அதேதான். குளிரில் ஆர்.என்.ஏ. சுருண்டு முடிச்சு விழும், பிய்த்துப்போட ஆளில்லாமல் பாக்டீரியா திணறுகிறது என்பது அவர் கணக்கு. தலைவர் அறைக் கதவை அன்று ஐந்து விரலாலும் திறந்தார்.

"வேற வேலை பாக்கட்டுமா சார்?"

"இதையே பாரும்மா. முதல்ல எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

தட்டை மேலே ஏற்றியது யார் என்று கேட்டபோது ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எதிர் மேசைக்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகிக் கிளம்பிய அன்றுதான் வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். ஆய்வகத்துக்குள் எதையும் குடிக்கக் கூடாது. திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த டீயை வைக்க அவருக்குத் தட்டு இருந்த மேசையில் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது.