டாக்டரிடம் நான் மறைத்த ஊசி

மூன்று வருடத்துக்கு முன் பித்தப்பை ஆபரேஷனில், தசையைத் தளர்த்தப் போட்ட ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளாமல் பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிட்டது. பிழைத்ததே பெரிது. அந்த மருந்தின் பெயரை டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

போன மாதம் வேறு மருத்துவமனையில் குடலிறக்க ஆபரேஷன். ஆனையூர் வீட்டில் கிளம்பும்போதே அம்மா, "போற நேரத்துல அந்தக் கதையெல்லாம் பேசாதய்யா, அபசகுனம்" என்றார்.

"எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது அம்மா பக்கத்திலேயே நின்றார். "அப்படி ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

என் மனைவி கைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாள். படித்துவிட்டு டாக்டர் என்னையே பார்த்தார். அந்த மருந்தே தேவைப்படாதபடி முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தே ஆபரேஷனை முடித்தார்கள்.

இப்போது சாதாரணக் காய்ச்சலுக்குப் போனாலும் அந்தச் சீட்டைத்தான் முதலில் மேஜையில் வைக்கிறேன். துணைக்கு வரும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும்.