உத்தரவு கொடுக்காத குருவம்மாள்

குருவம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் சந்தனத்தைத் திட்டியாக வேண்டும். எங்கள் கோவில் கமிட்டித் தலைவர். வெட்கங்கெட்ட மனிதர்.

இராஜபாளையத்துக்கு மேற்கே மலையடி ஓடைக்கரையில் இருக்கிறது எங்கள் அய்யனார் கோவில். கோபுரம் கிடையாது. ஒரு பெரிய மருதமரம், வேரடியில் எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாத கல், மேலே வானம். மரத்தைச் சுற்றியுள்ள சோலையிலிருந்து யாரும் ஒரு சுள்ளிகூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. விழுந்த கிளை விழுந்த இடத்திலேயே மட்க வேண்டும்.

குருவம்மாளும் நானும் ஒரே பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவர்கள். அதற்கு முன் அவள் மலையடியில் விறகு பொறுக்கிப் பிழைத்தவள். அடைமழையில் அடுப்பு எரியாமல் பிள்ளைகள் பசித்து அழுத நாளிலும், சோலைக்குள் விழுந்து கிடந்த கிளையைத் தாண்டித்தான் நடந்திருக்கிறாள்.

பங்குனிப் பொங்கலில் அவள்மேல்தான் சாமி இறங்கும். அன்றைக்கு ஊரே அவள் காலில் விழும். மறுநாள் பழையபடி "ஏட்டி" என்று அதட்டல்தான். அவளுக்கு அது பெரிதில்லை, எனக்குத்தான் வயிறு எரியும்.

போன வருஷம் சந்தனத்துக்கு ஓர் ஆசை வந்தது. மரத்தை எடுத்துவிட்டுக் கான்கிரீட் மண்டபம் கட்ட வேண்டும், வாசல் வளைவில் அவர் அப்பா பெயர் இருக்க வேண்டும். ஆனால் சாமி உத்தரவு இல்லாமல் அந்த மரத்தில் எவனும் கை வைக்க மாட்டான். வேலை விட்டு வந்த எங்களை வழியில் மறித்தார்.

"ஞாயித்துக்கெழம கொட்டடிக்கச் சொல்லியிருக்கேன். சாமி வந்து 'எடுத்துக்கோ'ன்னு சொல்லணும். அம்புட்டுதான்."

"வந்தா சொல்லும்" என்றாள் குருவம்மாள்.

"ஏட்டி, வரவழைக்கணும்!"

சாமியையே கூலிக்கு அமர்த்தப் பார்க்கிறார்! எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வந்த மாதிரி ஆடி, வெட்டுனா குலம் அழியும்னு சொல்லிரு. பயந்துருவாவ" என்றேன்.

அவள் என்னையும் முறைத்தாள். "அவரு கேக்கதும் பொய்யி, நீ கேக்கதும் பொய்யி. அய்யனாரு எடத்துல ஒரு சுள்ளி எடுத்ததில்ல. அவரு பேருல ஒரு சொல்ல எடுப்பனா?"

ஞாயிற்றுக்கிழமை மரம் அறுக்கும் மெஷின் தயாராக நின்றது. கொட்டு முழங்கியது. அவள் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். குருவம்மாள் கண்ணைத் திறந்தபடியே நின்றாள். சந்தனம் பக்கத்தில் வந்து "ஆடுட்டி" என்று பல்லைக் கடித்தார்.

அவ்வளவுதான். "சாமி வரல!" என்று கத்தினாள். கொட்டு நின்றது. "இப்பப் பேசுதது குருவம்மா. எம்புள்ள பசில அழுதப்பக்கூட இங்க ஒரு குச்சி நான் தொடல. நீங்க மரத்தையே கேக்கிய. வெக்கமா இல்ல?"

"நீ யாரு சொல்ல? சாமி சொன்னாத்தான் கேப்போம்" என்றார் சந்தனம்.

"சரி. சாமி சொல்லுத வரைக்கும் தொடாதிய." வேரடியில் உட்கார்ந்துகொண்டாள். மெஷின்காரர்தான் முதலில் கிளம்பினார்.

இந்தப் பங்குனியில் கொட்டு முழங்கியபோது அவள் உடம்பு நடுங்கத் தொடங்கியதைப் பார்த்தேன். சட்டென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் ஓடினாள். பின்னாலேயே போனேன். பாறையைக் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் வந்துட்ட?"

"சாமி வந்தா என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியாது. பொறவு சந்தனந்தான ஊருக்கு அர்த்தம் சொல்லுவாரு, மரத்த எடுத்துக்கச் சொல்லிட்டுன்னு."