வழுக்கி விழுந்ததாகச் சொன்னவள்

தொண்ணூற்று ஐந்தாம் வருடம், ஆடி மாதம். குடும்ப நல நீதிமன்றத்தில் என் பெண் மீனாவைக் கணவரிடம் விட்டுவிட்டு வெறுங்கையோடு வரவேண்டியதுதான் என்று நினைத்துவிட்டேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. தி.நகரில் ஜவுளிக்கடை, சொந்த வீடு எல்லாம் அவர் பக்கம். என் பக்கம் மயிலாப்பூரில் அண்ணன் வீட்டில் ஓர் அறை.

அவர் அடித்தார் என்று சொன்னேன். அவருடைய வக்கீல் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினார். கை முறிந்தபோது நானே சொல்லி எழுத வைத்தது: குளியலறையில் வழுக்கி விழுந்தேன். குடும்ப மானம் போய்விடுமே என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். மீனாவுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தேன். யார் கேட்டாலும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள்.

வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றுவது என் வழக்கம். வழக்கு நாளும் வெள்ளிக்கிழமை; சரியாக அந்த நேரத்தில்தான் நீதிபதி அம்மா மீனாவை மட்டும் அறைக்குள் அழைத்தார். கோவிலுக்குப் போக முடியாமல் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். "தாயே, பொய் சொன்னவ நான். என்னைத் தண்டிச்சுக்கோ. குழந்தையைக் கைவிட்டுடாதே" என்று அழுதேன்.

பிறகு என்னையும் கணவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"அம்மாவுக்குக் கை எப்படி உடைஞ்சதுன்னு கேட்டேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்கன்னு சொன்னா. எழுதப் போனேன். 'அப்படித்தான் சொல்லணும்னு அம்மா சொல்லியிருக்காங்க ஆன்ட்டி'ன்னா" என்றார் நீதிபதி. பிறகு என்னைப் பார்த்தார். "நிஜமா நடந்ததையும் அவளே சொல்லிட்டா. ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்கறது பொய்னு நீங்க ஏம்மா சொல்லல?"

அழுது முடித்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மீனா என்னிடமே இருக்கட்டும் என்று உத்தரவானது.

அது அம்மன் செய்ததுதான். யாரும் சொல்லித்தராத அந்த ஒரு வார்த்தையைக் குழந்தை வாயில் வேறு யார் வைத்திருக்க முடியும்? ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டியதை, பெற்ற அப்பாவுக்கு எதிராக அவள் சொல்லும்படி ஆகிவிட்டதே. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சகோதரிகளே, அம்மனிடம் போய் அழுங்கள், கட்டாயம் கேட்பாள். ஆனால் கையில் விளக்கும் வாயில் பொய்யுமாகப் போகாதீர்கள். குழந்தைக்கு அந்தப் பொய்யைக் கற்றுக்கொடுக்கவே கொடுக்காதீர்கள். மீனாவுக்கு இப்போது பதினொரு வயது. பக்கத்து வீட்டில் "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டால்கூட, பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறாள்.