சேராத மோதிர விரல்

ஜான்சிக்கு எதுக்கெல்லாம் பயம் என்று கேட்காதீர்கள், எதுக்குப் பயம் இல்லை என்று கேளுங்கள், சீக்கிரம் முடிந்துவிடும். இடி இடித்தால் பயம். கடல் இரைச்சல் கொஞ்சம் மாறினால் பயம். ஈசிஆரில் பஸ் வேகமெடுத்தால் பயம். மீன் வண்டி ஓட்டப் போன புருஷன் செல்வநாதன் போனை எடுக்காவிட்டால் கேட்கவே வேண்டாம். வண்டி ஓட்டுகிறவன் எப்படிப்பா போன் எடுப்பான்? அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, நெஞ்சு கேட்டால்தானே! படபடவென்று அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்த்துக் கொட்டும், மூச்சு பாதியிலேயே நின்றுவிட்ட மாதிரி இருக்கும்.

சும்மா வந்த பயம் இல்லை அது. அவளுடைய அம்மா சூசைமேரியும் இவளைப் போலவே மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவள்தான். ஒருநாள் காலையில் டீ குடிக்கும்போது வாயோரமாக வழிந்தது. "கை மரத்துப்போச்சுடி" என்றாள். அளத்துக்காரிக்குக் கை மரத்துப்போவது ஒரு சேதியா? விடிந்ததிலிருந்து உப்புத் தண்ணியில் கிடக்கிற கை மரத்துத்தான் போகும். விளக்கெண்ணெயைத் தேய்த்துப் படுக்கவைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் பேச்சு போய்விட்டது. அந்த வாரமே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு எண்ணெய் தேய்த்தது ஜான்சி. கல்யாணமாகாத சின்னப் பெண் அவள் அப்போது.

அன்றிலிருந்து பிடித்த பயம் இது. போன வருஷம் செல்வநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் 108-க்குப் போன் போட்டு, தெருவையே கூட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பரோட்டா தின்றதில் வந்த வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது போதாதா குப்பம்மாளுக்கு!

குப்பம்மாள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஜான்சி வேலை செய்யும் அளத்தில் பொம்பளைகளுக்கெல்லாம் பெரியவள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். உப்பு நிரம்பிய கூடையை அடுத்தவள் கை படாமல் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்வாள். பாம்பைக் கண்டால் வாலைப் பிடித்து வீசுகிற சாதி. அந்தப் பரோட்டா சமாச்சாரத்துக்குப் பிறகு, ஜான்சி முகம் கொஞ்சம் வெளுத்தால் போதும், "ஊய்ங்... ஊய்ங்..." என்று ஆம்புலன்ஸ் மாதிரி கத்துவாள். அளமே சிரிக்கும். ஜான்சியும் சிரித்துவைப்பாள், உள்ளுக்குள் வலிக்கும்.

மழை மாசத்தில் அளம் மூடிவிடுவார்கள். உப்புப் பாத்தியெல்லாம் ஏரியாகக் கிடக்கும். அப்போது ஜான்சி குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசுக்குக் கூட்டிப் பெருக்க, பெட்ஷீட் துவைக்கப் போவாள். அங்கே சந்தியா என்று ஒரு பெண், வெள்ளைக்காரர்களை உட்காரவைத்து யோகா சொல்லிக்கொடுப்பவள். ஒருநாள் பெரிய இடி விழுந்ததில் ஜான்சி துடைப்பத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள், மூச்சு வரவில்லை. சந்தியா ஓடிவந்து அவள் கையை எடுத்து, மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கிக் கட்டைவிரல் நுனியோடு சேர்த்துவைத்தாள்.

"இதுக்குப் பேரு பிராண முத்திரைக்கா. விரல் நுனியை மட்டும் கவனிங்க. மெதுவா மூச்சு விடுங்க."

என்ன மாயமோ, நெஞ்சு அடங்கியது. ஜான்சி அழுதேவிட்டாள். சந்தியா நல்ல பெண், ஒளிக்காமல் சொன்னாள்: "மனசு அடங்கும்க்கா, தூக்கம் வரும். ஆனா ஒடம்புக்கு ஒண்ணுன்னா டாக்டர்கிட்டதான் போவணும். விரலை நம்பி உக்காந்துடாதீங்க."

உடனே அடுத்த பயம் வந்தது பாருங்கள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி முத்திரை போடலாமா, பாவமில்லையா? ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதே யோசனை. நிமிர்ந்து பார்த்தால், திருஇருதய ஆண்டவர் சுரூபம் ரெண்டு விரலை நீட்டி, ரெண்டு விரலை மடக்கி நிற்கிறது! "அட, ஆண்டவரே போட்டிருக்காரு, நமக்கு இன்னா" என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள்.

தை பிறந்து அளம் திறந்தது. சாப்பாட்டு வேளையில் ஜான்சி வரப்பில் உட்கார்ந்து விரலைச் சேர்த்துக் கண்ணை மூடினாள். முதலில் கேலி, அப்புறம் "எனக்கும் காட்டுடி" என்று ஒவ்வொருத்தியாக வந்தார்கள். உப்பில் வெடித்த விரல், நுனி பட்டாலே எரியும். அதனால் நல்ல தண்ணியில் கையைக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவது என்று ஒரு பழக்கமே வந்துவிட்டது. கூடவே கதையும் வளர்ந்தது. சுகர் இறங்குதாம், முட்டிவலி போவுதாம். ஜான்சி இல்லை இல்லை என்பாள், யார் கேட்கிறார்கள்? குப்பம்மாள்கூட உட்காருவாள். "எனக்கு பயமும் இல்ல, நோவும் இல்ல. சும்மா குந்தலாம்னுதான்" என்பாள்.

அப்படித்தான் பங்குனி வெயிலில் ஒருநாள் உட்கார்ந்திருந்தார்கள். ஜான்சி கண்ணைத் திறந்து எல்லார் கையையும் பார்த்துக்கொண்டே வந்தாள். குப்பம்மாளின் வலது கை சரியாக இருந்தது. இடது கையில் மோதிர விரல் பாதி மடங்கி அந்தரத்தில் நின்றது.

"யக்கா, இடது கை விரலைச் சேரு."

"சேத்துட்டேன்டி" என்றாள் குப்பம்மாள், கண்ணைத் திறக்காமல்.

"சேரலக்கா."

குப்பம்மாள் குனிந்து பார்த்தாள். பார்த்து, "உப்பு மரத்துடுச்சுடி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வாய் ஒரு பக்கம்தான் மேலே போனது.

அம்மாவின் வாயோரம் வழிந்த டீ ஜான்சியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மங்கம்மா அதற்குள் எண்ணெய் பாட்டிலைத் திறந்து குப்பம்மாள் கையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். "எங்களுக்கும் மரத்துதான் போவுது, இதுக்குப் போயி" என்றாள் ஒருத்தி. "ஏ ஜான்சி, இதுக்குன்னு ஒரு முத்திரை இருக்குமே, அதைப் போட்டு வுடேன்" என்றாள் இன்னொருத்தி. ஐயோ, முத்திரை காட்டி என்ன வினையை விதைத்துவிட்டேன் என்று ஜான்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"எண்ணெய் தேய்க்காத! கைய எடு!" என்று கத்தினாள். போனை எடுத்தாள். 108, அந்த மூணு நம்பரை அமுக்க முடியவில்லை. விரலில் இருந்த எண்ணெய் வழுக்கியது. புடவையில் துடைத்துத் துடைத்து அமுக்கி, அளத்துக்கு வரும் வழியைச் சொன்னாள்.

"ஊய்ங்... ஊய்ங்..." என்றாள் குப்பம்மாள். சிரித்தார்கள். ஆனால் அந்தச் சத்தம் எப்போதும் மாதிரி கணீரென்று வரவில்லை, குழறியது. அது ஜான்சிக்கு மட்டும்தான் கேட்டது போல.

மேஸ்திரி சிலம்பரசன் வந்துவிட்டான். "இன்னாம்மா, மறுபடியும் பரோட்டாவா? வேலை கெடக்குது, எழுந்திருங்க."

குப்பம்மாள் கூடையை எடுக்கக் குனிந்தாள். ஜான்சி என்ன செய்தாள் தெரியுமா? அந்தக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கூடை விளிம்பை ரெண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி அதட்டினான், வேலையை விட்டே நிறுத்திவிடுவேன் என்றான். குப்பம்மாள் கெட்ட வார்த்தையில் திட்டினாள். ஜான்சி தேம்பித் தேம்பி அழுதாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. ஒருவேளை இதுவும் வாயுவாக இருந்தால்? இனி இந்த அளத்தில் தலை காட்ட முடியுமா? அந்தப் பயமும் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று கூடையோடு அவளை அழுத்திப் பிடித்திருந்தது.

"பைத்தியக்காரி, குடுடி" என்று குப்பம்மாள் ஒரு எட்டு வைத்தாள். இடது கால் வரவில்லை. அப்படியே சரிந்து பாத்திக்குள் உட்கார்ந்தாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி ஆம்புலன்சுக்கு வழி காட்ட மெயின் ரோட்டுக்கு ஓடினான்.

பாண்டிச்சேரி போய்ச் சேருகிற வரைக்கும் ஜான்சி வண்டியில் குப்பம்மாளின் இடது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். முத்திரை எதுவும் ஞாபகம் வரவில்லை. மாதாவே, மாதாவே என்பது மட்டும்தான் வந்தது. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து ஊசி போட்டுவிட்டு வெளியே வந்து, "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்புங்க. கை மரத்ததுன்னு வீட்டுல படுக்கவெச்சிருந்தா அவ்வளவுதான். சரியான நேரத்துல வந்துட்டீங்க" என்றார். ஜான்சி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மாவுக்காகவும் சேர்த்துத்தான் அழுதாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அளத்தில் புதுப் பழக்கம். காலையில் பாத்தியில் இறங்குமுன் எல்லாரும் ஜான்சிக்கு முன்னால் ரெண்டு கையையும் நீட்டி விரலைச் சேர்த்துக் காட்டுகிறார்கள், சிரித்தும் காட்டுகிறார்கள். மேஸ்திரிகூடக் காட்டுகிறான். அவர்களுக்கு அது நிம்மதி. ஜான்சிக்கோ ஒவ்வொரு கையாகப் பார்க்கப் பார்க்க நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பயம் போவதற்கென்று கற்றுக்கொண்ட வித்தை, இப்போது அவளுக்கு அதில் பயத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

போன வாரம் குப்பம்மாள் மகனோட வண்டியில் அளத்துக்கு வந்தாள். கால் கொஞ்சம் இழுக்கிறது, பேச்சு தெளிந்துவிட்டது. எல்லாரையும் ஒரு சுற்று திட்டித் தீர்த்தாள். மற்றவர்கள் பாத்தியில் இறங்கியதும் ஜான்சியைக் கையைப் பிடித்து வரப்பில் உட்காரவைத்தாள்.

"ஜான்சி, கண்ணை மூடினா பயமா இருக்குதுடி" என்றாள். அந்தக் குரலா அது! "தூங்கினா எழுந்திருப்பனான்னு இருக்குது. நீ பயத்துக்குப் போடுவியே, அது எந்த விரலோட எந்த விரல்டி?"

வலது கை தானாகச் சேர்ந்தது. இடது கையில் மோதிர விரல் மறுபடியும் அரிசி மணி அளவுக்கு எட்டாமல் நின்றது. ஜான்சி அந்த விரலைப் பிடித்து மெல்ல வளைத்துக் கட்டைவிரலோடு சேர்த்துவைத்தாள்.

"வுட்றாதடி" என்றாள் குப்பம்மாள்.

தூரத்தில் மேஸ்திரி ஜான்சியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் விரலை விடவில்லை.