தையலுக்கு ஒரு இன்ச்

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, ஒரு சுவரை அளந்தது. பள்ளிவாசல் மாடியில் பெண்கள் தொழும் அறையின் பின்சுவர். டேப்பின் நுனியை உம்மா மூலையில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மகள் வடிகால் குழாய்வரை இழுத்து எண்ணைச் சொன்னாள்.

"நாப்பத்திரண்டு."

உம்மா நோட்டில் நாற்பத்து மூன்று என்று எழுதினாள்.

"நாப்பத்திரண்டுன்னுதானே சொன்னேன்?"

"தையலுக்கு ஒரு இன்ச் விட வேண்டாமா?"

"பைப்புக்கு ஏது உம்மா தையல்?"

உம்மா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தாள். "முப்பத்தஞ்சு வருசமா துணி வெட்டுற கைடீ. அதுவா விட்டுடுது."

மகளுக்கு ஒரு கட்டட அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் வேலை. உம்மாவுக்கு வீட்டு முன்னறையில் தையல் மெஷின். அந்த மாடி அறைக்கு ஒரு குழாய் வேண்டும் என்பது உம்மாவின் ஆறு வருடப் பிடிவாதம்.

கீழே ஆண்கள் தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்யப் பன்னிரண்டு குழாய்கள். மாடியில் ஒன்றுகூட இல்லை. பெண்கள் வீட்டிலேயே கை, முகம், கால் கழுவிக்கொண்டு வர வேண்டும். வந்தபின் ஒளு முறிந்தால் படியிறங்கி வீட்டுக்கு நடை. எதிர்வீட்டு மாமிக்கு வயது எழுபது. ஒரு தும்மல் போட்டால் போதும், அடக்க முடியாமல் சிறுநீர் சொட்டிவிடும், ஒளு போய்விடும். போய்த் திரும்புவதற்குள் தொழுகையும் முடிந்துவிடும். "ரெண்டு தும்மலுக்கு ரெண்டு ஜும்ஆ போச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அதனால் தும்மல் மாமி என்றே பெயர். மூன்று மாதமாக அவள் படியேறுவதையே விட்டுவிட்டாள்.

கமிட்டிச் செயலாளர் கெட்டவர் இல்லை. "மாடியில தண்ணி கசிஞ்சா கீழ தொழறவங்க தலையில சொட்டும்மா" என்றார். அது நியாயம்தான் என்று உம்மாவும் ஒப்புக்கொண்டாள்.

"சரி, கசியாமப் போட ஆள் கொண்டு வர்றேன். பெத்தே வச்சிருக்கேன்."

செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கமிட்டி கூடும்போது வரைபடத்தோடு வரச் சொன்னார்.

குழாயின் உயரத்தை உம்மா யாரிடமும் விடவில்லை. முட்டிவலிக்காரி எப்படிக் குனிவாள்? ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பெண்களை அதில் உட்காரவைத்து, தரையிலிருந்து மணிக்கட்டுவரை அளந்தாள்.

"ஏண்டி, ஜாக்கெட்டுக்கா அளக்கறே?"

"ஆமா, குழாய்க்கு ஜாக்கெட் தைக்கப் போறேன். கையை ஆட்டாதே."

செவ்வாய்க்கிழமை நண்பகல். மெஷினில் உட்கார்ந்தபடியே உம்மா சாய்ந்துவிட்டாள். அன்று சூரியன் மறைவதற்குள் அடக்கம் முடிந்தது.

வியாழன் காலை செயலாளர் துக்கம் கேட்க வந்தார். கிளம்பும்போது தயங்கி நின்றார். "குழாய் விஷயத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்மா. அவசரமில்லையே."

"உம்மாவுக்கு அவசரம் இருந்துச்சு மாமா. நாளைக்கு வர்றேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

மகள் நோட்டைத் திறந்தாள். சுவரின் அளவு, அதன்கீழ் ஏழு பெண்கள், ஏழு எண்கள். ஒவ்வொன்றிலும் ஒரு இன்ச் கழித்தாள். கழிக்கக் கழிக்க உம்மாவையே வெட்டி எடுப்பதுபோல் இருந்தது. ஆனாலும் கழித்தாள். அளவு தப்பினால் உம்மா பேச்சுக்குக் கமிட்டியில் மரியாதை இருக்காது.

எட்டாவது வரியில் 'தும்மல் மாமி' என்று இருந்தது. எண் இல்லை. பக்கத்தில் உம்மாவின் சாய்ந்த எழுத்து: 'வியாழன், அசர் தொழுகைக்கு முன்னால்.'

யாருக்காக இந்தக் குழாயோ, அவளுடைய அளவு மட்டும் பாக்கி.

மகள் மெஷின் மேசையிலிருந்து டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். கதவைத் திறந்த மாமி அவளையும் ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மூணு நாள்கூட ஆகலையேடி..."

"உட்காருங்க மாமி. தும்மறதா இருந்தா இப்பவே தும்மிடுங்க. அளக்கும்போது கை ஆடக்கூடாது."