ஒரு ரவுண்டு, அப்பா

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. ராத்திரியில்கூட நடக்கவில்லை. பட்டப்பகலில், உச்சி வெயிலில், பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் நடந்தது. இரும்புலியூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பள்ளியின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று லோகநாதன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். பெயர் வேண்டாம். மற்றதெல்லாம் அவன் சொன்னபடியே. மணிகூட அவன் அன்று கைபேசியில் பார்த்த மணிதான்.

லோகநாதனுக்கு அந்தப் பள்ளியின் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவன் மனைவி கீதா அங்கேயே எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஆயா. ஒரே மகள் அனுப்பிரியா, ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. அப்பா அங்கே வேலை செய்வதால் அவளுக்குக் கிடைத்த இடம் அது. லோகநாதனின் வம்சத்தில் அந்த மாதிரிப் பள்ளியின் படியேறிய முதல் ஆள் அவள்தான். அந்தச் சீருடையை அவளுக்கு மாட்டிவிட்ட முதல் நாள், அவன் தெருமுனை வரை தூக்கிக்கொண்டே போனான். நடக்க விட்டால் ஷூ அழுக்காகிவிடுமாம்.

மைதானத்தில் புல் வெட்ட ஒரு வண்டி இருந்தது. உட்கார்ந்து ஓட்டுவது. பார்க்கக் குட்டி டிராக்டர் போல இருக்கும். வயிற்றுக்கு அடியில் இரண்டு பிளேடு சுழலும். போன நவம்பரில் யாரோ ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியது. அதன் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்திருந்தால்தான் இன்ஜின் ஓடும். ஆள் எழுந்தால் இன்ஜினும் நிற்கும், பிளேடும் நிற்கும். தவறி விழுந்தவன் மேலேயே வண்டி ஏறிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது.

அனுவுக்கு அந்த வண்டி என்றால் உயிர். மதியம் சாப்பிட்டதும் மைதானத்துக்கு ஓடி வருவாள். "ஒரு ரவுண்டுப்பா!" என்பாள். மடியில் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறக்கிவிடுவான்.

வண்டியைப் பழுது பார்க்கும் ஆஸ்டின் கீழ்க்கட்டளைக்காரன். ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"அண்ணா, கொழந்தைய ஏத்தாதீங்க. இன்னிக்கு மடியில ஏத்துவீங்க. நாளைக்கு வண்டி சத்தம் கேட்டாலே ஓடி வந்து எதிர்ல நிக்கும்."

"போடா. கல்யாணம் ஆவாதவனுக்கு கொழந்த வளக்கத் தெரியுமா?" என்று சிரித்தான் லோகநாதன்.

அன்று வியாழக்கிழமை. பொங்கல் விடுமுறை முடிந்திருந்தது. சனிக்கிழமை விளையாட்டு விழா. மழைக்காலத்துப் புல் மைதானம் முழுக்கக் கணுக்காலுக்கு மேல் நின்றது. மேற்கு மூலையில், கிரிக்கெட்டுக்காக நிறுத்திய வெள்ளைப் பலகைக்குப் பின்னால், அது இடுப்பைத் தொட்டது.

காலையில் பி.டி. மாஸ்டர் வேதசிரோமணி வந்து நின்றார்.

"லோகு, மூணு மணிக்கு நான் சுண்ணாம்புக் கோடு போட்டாகணும். இந்தத் தடவையும் இழுத்தேன்னா நான் உனக்காகப் பேச மாட்டேன். போன மாசமே மேனேஜ்மென்ட்ல வேற ஆள் பாருங்கன்னு சொல்லிட்டாங்க."

"முடிச்சுடறேன் சார்."

வேலை போனால் அனுவின் இடமும் போகும். அதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

லோகநாதன் நேராகக் கீதாவிடம் போனான். "இன்னிக்கு அனுவ வெளிய வுடாத. ரவுண்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"நீ பழக்கிவுடுவ, நான் கட்டிப் போடணுமா?" என்றாள் கீதா. ஆனாலும் தலையாட்டினாள். சாப்பிட்டதும் சின்னப் பிள்ளைகளோடு பாயில் படுக்க வைத்துவிடுவதாகச் சொன்னாள்.

பதினொன்று ஐம்பத்திரண்டு.

வண்டி மேற்கு மூலையை நெருங்கியது. சட்டென்று இன்ஜின் நின்றது.

பெட்ரோல் இருந்தது. லோகநாதன் அசையாமல் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தான். ஆனால் நிற்பதற்கு ஒரு நொடி முன்னால் சீட்டு லேசாக மேலே எழும்பியது போல இருந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுபடி ஸ்டார்ட் செய்தான். வண்டியைத் திருப்பிக் கிழக்குப் பக்கம் வெட்டினான். வெண்ணெய் மாதிரி ஓடியது.

பன்னிரண்டு நான்கு. சுற்றிக்கொண்டு மறுபடி அதே மூலை.

இன்ஜின் சத்தத்துக்காக இரண்டு காதையும் மூடும் கனமான காதுமூடி போட்டிருந்தான். அதைப் போட்டால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அன்று கேட்டது. மூடிக்கு வெளியே இல்லை... உள்ளே. காதோடு காதாக.

"அப்பா... ஒரு ரவுண்டு..."

சீட்டு எழும்பியது. இன்ஜின் நின்றது.

காதுமூடியைக் கழற்றினான். சுற்றிப் பார்த்தான். மைதானம் காலி. வெயில். விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று மேலே ரீங்காரமிட்டுப் போனது. "அனு?" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. அவள் இந்நேரம் பாயில் தூங்கிக்கொண்டிருப்பாள். தனக்குத்தான் பசி மயக்கம்.

பன்னிரண்டு பதினொன்று. மூன்றாவது முறை.

இந்த முறை சந்தேகமே இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து, சரியாக இரண்டு இடத்தில், ஏதோ அவனை மேலே தள்ளியது. எழுபத்தைந்து கிலோ ஆளை.

ஆஸ்டினுக்கு போன் போட்டான்.

"சீட்டு சுவிட்ச் பேஜார் பண்ணுதுடா. உக்காந்துகினுதான் கீறேன், ஆளே இல்லாத மாதிரி ஆஃப் ஆவுது."

"நான் மேடவாக்கத்துல இருக்கேன்ணா. ரெண்டு மணிக்கு வர்றேன்."

"மூணு மணிக்கு கிரவுண்டு வேணும்டா!"

"வெயிட் பண்ணுங்க. ஒயர மட்டும் டைரக்ட் பண்ணிடாதீங்க. அண்ணா... கேக்குதா? டைரக்ட் பண்ணாதீங்க."

லோகநாதன் போனை வைத்தான். வேலை. பள்ளி. அனுவின் சீருடை. மூன்றும் கண்ணுக்குள் வந்து நின்றன. விழாத் தட்டியில் கட்டியிருந்த கம்பியில் ஒரு துண்டை முறித்தான். சீட்டுக்கு அடியில் கையை விட்டான். தடவித் தடவியே சுவிட்சின் ப்ளக்கைப் பிடுங்கினான். கம்பியால் இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினான். இனி சீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும்.

கையை வெளியே எடுக்கும்போது புறங்கையில் ஏதோ பட்டது.

சின்னதாக. ஜில்லென்று.

கையை உதறினான். மனசையும் உதறினான்.

பன்னிரண்டு இருபது. இன்ஜின் உறுமியது. மேற்கு மூலைக்குள் நுழைந்தான். நிற்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. பத்தடி போயிருப்பான். உயரமான புல் அல்லவா, வெட்டிய புல், அதை வெளியே தள்ளும் வழியில் போய் அடைத்துக்கொண்டது. இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ, கிளம்பாதோ. பிரேக்கை மட்டும் போட்டான்.

பிளேடு சுழன்றுகொண்டிருந்தது.

இறங்கினான். ஒரு குச்சியைத் தேடிக் குனிந்தான்.

பின்னால் டக் என்று ஒரு சத்தம். பிரேக் விடுபட்ட சத்தம்.

திரும்பினான். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. அந்த மூலை மதிலோர வாய்க்காலை நோக்கிச் சரிவு. மெதுவாக... பிறகு கொஞ்சம் வேகமாக... உயரப் புல்லுக்குள்.

புல் அசைந்தது.

கீரியாக இருக்கும்.

புல்லுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ரிப்பன் எழுந்தது. இரட்டைச் சடை. அனு.

"அனு! ஓடு! ஓடுடீ!"

அவள் ஓடவில்லை. அவனைப் பார்க்கவுமில்லை. காலி சீட்டையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

லோகநாதன் பாய்ந்தான். வெட்டிய புல் வழுக்கியது. முகம் குப்புற விழுந்தான். வண்டியின் பின்கம்பி கைக்கு எட்டியது. இரண்டு கையாலும் பிடித்தான். வண்டி அவனையும் சேர்த்து இழுத்தது. முட்டி தேய்ந்தது. சாவி எட்டவில்லை.

ஆறடி.

"யம்மா... யாராவது வாங்களேன்!"

நாலடி.

"என்ன எடுத்துக்கோ... என்ன எடுத்துக்கோ... அவள வுட்டுடு..."

யாரிடம் சொன்னான் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டடி...

நின்றது.

இன்ஜின் நின்றது. பிளேடு நின்றது. சரிவில் இருந்த வண்டியும் நின்றது.

அமைதி. தாம்பரம் பக்கம் ஒரு மின்சார ரயில் ஊதியது.

அப்போது அவன் அதைப் பார்த்தான். சீட்டு. காலியாக இருந்த சீட்டின் மெத்தை அமுங்கியிருந்தது. சின்ன ஆள் யாரோ உட்கார்ந்த அளவுக்கு ஒரு குழி. அவன் பார்க்கப் பார்க்க அது மெல்ல உப்பியது.

க்ளிக்.

அனுவை வாரி எடுத்துக்கொண்டு ஓடினான். கீதாவின் காலடியில் போய்த்தான் விழுந்தான். கீதா பாயைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். "இப்பதான்... இங்கதான் படுத்திருந்தா..."

"ஏன்டா செல்லம் அங்க போன?" என்று லோகநாதன் கேட்டான்.

"அந்தப் பாப்பாதான் கூப்ட்டாப்பா. புல்லுல ஒளிஞ்சுக்கலாம், அப்பா கிட்ட வந்ததும் எழுந்து பயம் காட்டலாம்னு சொன்னா."

"எந்தப் பாப்பா?"

"வண்டியில இருந்தாளே. நீ கீழ விழுந்தப்போ."

இரண்டு ஐந்துக்கு ஆஸ்டின் வந்தான். அதுவரை அந்த வண்டியை யாரும் தொடவில்லை. லோகநாதன் தொடவிடவில்லை. தள்ளி நின்று நடந்ததைச் சொன்னான். தான் கம்பி போட்டதையும் மறைக்காமல் சொன்னான்.

ஆஸ்டின் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

"அண்ணா, நீங்க டைரக்ட் பண்ணவே இல்லியே. ப்ளக் மாட்டியேதான் இருக்கு."

"நான் புடுங்கினேன்டா!"

"நல்லா டைட்டா மாட்டியிருக்கு. அதான் ஆள் இல்லாத வண்டி ஆஃப் ஆயிருக்கு. கம்பி எங்க?"

கம்பி புல்லில் கிடந்தது. முறுக்கின அடையாளமே இல்லாமல், நேராக.

"சுவிட்ச்சும் நல்லாதான்ணா இருக்கு. அப்புறம் ஏன் மூணு தடவ..." ஆஸ்டின் பேச்சை நிறுத்தினான். "இங்க பாருங்க."

சீட்டின் அடித்தகட்டில் பழைய கிரீஸ் படிந்திருந்தது. அதில் இரண்டு உள்ளங்கைகள். விரல்கள் விரிந்து, கீழேயிருந்து மேலே தூக்கியது போல. ஒரு பூனைகூட நுழைய முடியாத இடம் அது.

லோகநாதனுக்கு ஒரே ஒரு நப்பாசை. அனு எப்போதாவது கையை விட்டிருப்பாளோ? சாயங்காலம் அவள் கையை ஒரு தாளில் வைத்து வரைந்து எடுத்துப்போய்ப் பார்த்தான்.

அனுவின் கை பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வண்டியை விற்றவரின் எண்ணைத் தேடிப் பிடித்தான். மாம்பாக்கம் தாண்டி ஒரு பண்ணை வீட்டின் மேனேஜர். பொன்னுசாமி என்று பெயர். முதலில் ஒன்றுமில்லை என்றார். லோகநாதன் போனிலேயே அழுதான். பிறகு சொன்னார்.

"அந்த வண்டிய இங்க ஓட்டினவனோட பொண்ணுப்பா. நாலு வயசு. தெனம் மடியில வெச்சு ஒரு ரவுண்டு சுத்துவான். ஒருநாள் சுவிட்ச் தகராறு பண்ணுதுன்னு ஒயர டைரக்ட் பண்ணிட்டு, வண்டிய ஓட விட்டுட்டே இறங்கியிருக்கான். கொழந்த புல்லுல ஒளிஞ்சிருந்தது அவனுக்குத் தெரியல."

"எத்தினி மணிக்கு சார்?"

"மதியம். பன்னெண்டரை இருக்கும்."

போனை வைக்கும் முன் அவராகவே சொன்னார்.

"பாவம். தனியா வெளையாடவே தெரியாது அதுக்கு. எப்பப் பாரு, கூட வெளையாட யாரையாச்சும் கூப்ட்டுக்கிட்டே இருக்கும்."

மூன்று முறை அவனைத் தூக்கித் தள்ளி வண்டியை நிறுத்தியது யார்? அவன் பிடுங்கிய ப்ளக்கைத் திரும்ப மாட்டியது யார்? அப்படியானால் அனுவைப் புல்லுக்குள் கூப்பிட்டது? பிரேக்கை விடுவித்தது? எல்லாம் ஒரே கை என்றால், அதற்கு அனு வேண்டுமா, வேண்டாமா? யாருக்குத் தெரியும்?

ஜூன் மாதம் அனுவை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறொரு சாதாரணப் பள்ளியில் சேர்த்தான். எந்த இடத்துக்காக அந்தக் கம்பியை முறுக்கினானோ, அந்த இடத்தை அவன் கையாலேயே எழுதிக் கொடுத்தான். கீதா அழுதாள். ஆனால் தடுக்கவில்லை.

வேலையை மட்டும் அவன் விடவில்லை. பள்ளிக்காரர்கள் வண்டியை விற்கப் போவதாகச் சொன்னபோதும் காலில் விழாத குறையாக மறித்தான். வாங்குகிறவன் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்குமே. இப்போதெல்லாம் வண்டியை எடுக்கும் முன் மைதானம் முழுக்கக் கோலால் புல்லை விலக்கி விலக்கி நடந்து பார்க்கிறான். இறங்கினால் சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். மதியம் ஓட்டுவதில்லை. ஓட்டவே கூடாது என்று வைத்திருக்கிறான்.

புதுப் பள்ளிக்குப் போன முதல் நாள் ராத்திரி, சோறு ஊட்டிக்கொண்டே அனுவிடம் கேட்டான். "அந்தப் பாப்பா இங்க வரலதான?"

"வரமாட்டாப்பா."

உயிர் வந்தது அவனுக்கு. "யார் சொன்னா?"

"அவதான். அன்னிக்கே சொன்னா." அனு ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். "நான் போயிட்டா, நீ அவளுக்கு மட்டுந்தான் அப்பாவாம்."